சுருட்டப்பள்ளியில் ஒரு சனிப் பிரதோஷம்

சிவன் கோயில் என்றால் லிங்கத் திருமேனிதான் நம் கண்ணுக்குப் பழக்கம். சுருட்டப்பள்ளியில் மட்டும் ஈசன் படுத்திருக்கிறார். ஆலகால விஷத்தை உண்டுவிட்டுக் கயிலாயம் திரும்பும் வழியில் களைப்பு மேலிட்டு, அம்பாள் மடியில் தலைவைத்துச் சாய்ந்துவிட்டார் என்பது தலபுராணம். பள்ளிகொண்டீஸ்வரர் என்று பெயர். மடி கொடுத்த அம்பாள் சர்வமங்களாம்பிகை. ஊத்துக்கோட்டையைத் தாண்டியதுமே வந்துவிடுகிற ஆந்திர கிராமம் இது. ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. கோயில் வரிசையில் நின்றால் முன்னால் தெலுங்கு கேட்கும், பின்னால் தமிழ் கேட்கும்.

எங்களுக்கு ஊர் நகரி. 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கு வந்தன, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள், வீட்டில் தமிழ், தறிக் கொட்டகையில் இரண்டும் கலந்து ஓடும். சாமி கும்பிடுவதில் மட்டும் எங்களுக்கு எந்த எல்லையும் கிடையாது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, புரட்டாசிக்குத் திருமலை, பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளி என்பது என் மாமனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

ஆனால் கொஞ்ச காலமாக எந்தக் கோயிலுக்கும் போக முடியவில்லை. விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிற குடும்பத்துக்குத் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். பாவு கொடுக்கிற முதலாளி கூலியைப் பாதி பாதியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். டுவாக்ரா என்கிற மகளிர் சுயஉதவிக் குழுவில் என் பேரில் எடுத்த கடனுக்குத் தவணை நாள் வந்தால் நான்தான் போய் நிற்க வேண்டும். பெரியவன் திருப்பதியில் பாலிடெக்னிக் படிக்கிறான், அவனுக்குக் கட்ட வேண்டிய பணம் வேறு. அந்த நேரம் பார்த்து மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்துபோனது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் வேறு யோசனையே கிடையாது, நேராகப் புத்தூர் கட்டுதான். பச்சிலை அரைத்து வைத்து, மூங்கில் சிம்பு கொடுத்துத் துணி சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். வலது கை என்பதால் சாப்பாடு ஊட்டுவதிலிருந்து தலை வாரிவிடுவது வரை எல்லாம் என் பொறுப்பு.

ராத்திரி தறிச் சத்தம் நின்ற பிறகுதான் என் மனசுக்குள் தறி ஓட ஆரம்பிக்கும். தவணைக்கு என்ன செய்வது, மாமியாரை மறுபடி கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டுமே, முதலாளி இந்த வாரமும் இழுத்தால் என்ன ஆகும் என்று ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். விடியற்காலையில் கண் அசரும்போது பால்காரர் மணி அடிப்பார்.

என் நாத்தனார் புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் கவலைகள் இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள்.

"அண்ணி, நாளைக்குச் சனிப் பிரதோஷம். சுருட்டப்பள்ளி போயிட்டு வந்துடலாம், கிளம்புங்க."

"அத்தையை யார் பார்க்கிறது?"

"அண்ணன் பார்த்துக்குவார். ஒரு நாள் தறி நின்னா குடி முழுகிப் போயிடாது."

இவர் பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுக்கொண்டே தலையாட்டினார். சரி என்று சொல்லிவிட்டேன்.

புத்தூரில் அவளும் ஏறிக்கொண்டாள். நாராயணவனம் வந்ததும் இரண்டு பேரும் பேருந்திலிருந்தே கல்யாண வெங்கடேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டோம். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் சீனிவாசனுக்கும் கல்யாணம் நடந்த ஊர் அது. அந்தக் கல்யாணத்துக்குப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கியதும், அதற்கு இன்றைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. நாத்தனார் அதை நினைவுபடுத்தி, "அவருக்கே முடியலை அண்ணி, நமக்கு ஒரேயடியா தீர்ந்துடுமா?" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் கடன் வைத்துக்கொண்டே ஏழு மலை மேல் நின்று ஊருக்கெல்லாம் அருள் செய்கிறவரை நினைத்ததும் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து பிச்சாட்டூர், நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாள் பெயரில் உண்டாக்கிய ஊர் நாகலாபுரம். அங்கே வேதநாராயணர் மச்சாவதாரக் கோலத்தில் இருக்கிறார். மார்ச் மாதக் கடைசியில் சூரிய ஒளி மூலவர் மேல் விழுகிற நாட்களில் ஒருமுறை போகவேண்டும் என்று ஆசை. அன்றைக்கு இறங்க நேரமில்லை.

சுருட்டப்பள்ளியில் இறங்கும்போதே கூட்டம். சனிக்கிழமையில் வருகிற பிரதோஷத்தை மகா பிரதோஷம் என்பார்கள். அன்றைக்கு இந்தக் கோயிலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. பிரதோஷ வேளை நாலரை மணிக்குத் தொடங்குகிறது என்றால் மூன்று மணிக்கெல்லாம் போய்விடுவது நல்லது. வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் சாதாரண நாளில் போனால் நிம்மதியாகத் தரிசிக்கலாம்.

இந்தக் கோயிலில் தெய்வங்கள் தனியாக இருப்பது அபூர்வம். கல்லால மரத்தடியில் தனித்து மௌனமாக உட்கார்ந்திருக்கிற தட்சிணாமூர்த்திகூட இங்கே தேவியோடு இருக்கிறார். தாம்பத்ய தட்சிணாமூர்த்தி என்று சொல்கிறார்கள். லிங்க வடிவில் இருக்கிற வால்மீகேஸ்வரர் சன்னதி வாசலில் துவாரபாலகர்களுக்குப் பதிலாகச் சங்கநிதியும் பதுமநிதியும். அவர்களும் மனைவியரோடுதான் நிற்கிறார்கள். மரகதாம்பிகை சன்னதி முன்னால் காமதேனுவும் கற்பக விருட்சமும்.

காமதேனுவைத் தொட்டுக் கும்பிட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. காமதேனுவும் கற்பகமும் பாற்கடலிலிருந்து வந்தவைதான். மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் வைத்துக் கடைந்தபோது முதலில் வந்தது விஷம். அதற்குப் பிறகுதான் பசுவும் மரமும் மகாலட்சுமியும், கடைசியாகத் தன்வந்திரி கையில் அமுதமும். விஷம் வந்ததுமே கடைவதை விட்டுவிட்டு ஓடியிருந்தால் மற்ற எதுவுமே மேலே வந்திருக்காது.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வது எனக்கு ஒப்பாது. விஷம் விஷம்தான். புராணத்தில்கூட அது ஈசன் வாயில் போனதும் அமுதமாக மாறிவிடவில்லை. கழுத்து நீலமாகிவிட்டது, இன்றைக்கும் நீலம்தான். உள்ளே விழுங்கினால் வயிற்றில் இருக்கிற உலகங்களுக்கு ஆபத்து, வெளியே துப்பினால் எதிரே நிற்கிற உலகங்களுக்கு ஆபத்து. அதனால் கண்டத்திலேயே நிறுத்திக்கொண்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூலி வராத கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாமலும், அதையே நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

பள்ளிகொண்டீஸ்வரர் சன்னதியில் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. எத்தனையோ தடவை பார்த்த சாமிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் படுத்திருக்கிற ஈசனைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு என் பார்வை அம்பாளிடம் போய் நின்றுவிட்டது. சுற்றிலும் தேவர்களும் ரிஷிகளும் கூடியிருக்கிறார்கள். பிரம்மா, விஷ்ணு, நாரதர், தும்புரு, சூரியன், சந்திரன் என்று யார் வரவில்லை? எல்லோரும் நன்றி சொல்லவும் தரிசிக்கவும் வந்தவர்கள். தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அம்பாள் ஒருத்திதான். அண்டசராசரத்தையும் தாங்குகிறவருக்கும் தலை சாய்க்க ஒரு மடி வேண்டியிருந்திருக்கிறது. அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. பின்னாலிருந்து நாத்தனார் தோளைத் தொட்டு, "சாமியே படுத்துட்டாரு பாருங்க அண்ணி. அதுக்காக உலகம் நின்னா போச்சு?" என்று காதோடு சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வெளியே நந்திக்கு அபிஷேகம் தொடங்கியிருந்தது. ஈசன் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது தேவர்கள் பார்க்கவேண்டும் என்று அவசரப்பட, நந்திதான் அவர்களைத் தடுத்து நிறுத்தினாராம். பிறகு ஈசன் எழுந்து, அந்தி வேளையில் அவர் கொம்புகளுக்கு நடுவே ஆனந்தமாக ஆடினார் என்பார்கள். அதுதான் பிரதோஷம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் நந்தி வாசலில் நிற்பதுதான். இந்திரனே வந்தாலும் இப்போது முடியாது, பிறகு வா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் படுத்தவரை யார் படுக்க விடுவார்கள்?

பால் குடம் குடமாக நந்தியின் நெற்றியிலிருந்து வழிந்து, கழுத்துச் சலங்கை வரிசையில் கொஞ்சம் தேங்கி, பிறகு மடிப்பு மடிப்பாக முதுகில் இறங்கியது. தயிர், இளநீர், சந்தனம் என்று அடுத்தடுத்து. குருக்கள் ஈரத் துணியால் கண்களை மட்டும் ஒற்றித் துடைத்துவிட்டு அருகம்புல் மாலையைச் சாற்றினார். தீபாராதனை காட்டும்போது, கொம்புகளுக்கு நடுவே பார்க்கத் தோதாகப் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "சம்போ சங்கரா" என்று ஒரே குரல். அங்கே நின்ற ஆயிரம் பேருக்கும் ஆயிரம் கவலை இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் மருத்துவமனை ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டே கும்பிட்டார். என் கவலை சின்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை பேருக்கு நடுவில் வைத்துப் பார்த்தபோது, அதற்கு என்ன அளவோ அந்த அளவில்தான் தெரிந்தது. வீட்டில் நடுராத்திரியில் பார்க்கும்போது அது கூரையை முட்டிக்கொண்டு நிற்கும்.

காப்பரிசிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு மதில் ஓரமாக உட்கார்ந்தோம். அப்போதுதான் நாத்தனார் கேட்டாள், "கட்டு பிரிக்கிற வரைக்கும் அம்மா எங்க வீட்டுல இருக்கட்டுமே அண்ணி. கட்டு மாத்துறதுக்கும் கிட்ட."

வேறொரு நாளாக இருந்திருந்தால், மருமகள் பார்க்கவில்லை என்று ஊர் பேசுமே என்று உடனே மறுத்திருப்பேன். அன்றைக்கு வாயில் காப்பரிசி இருந்தது, மென்றுகொண்டே தலையாட்டிவிட்டேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அவளுக்கும் ஆசை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே மாமியாரைப் புத்தூரில் கொண்டுபோய் விட்டோம். பேரப் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார், விரல்களை மெல்ல மடக்க முடிகிறதாம். கூலி பாக்கி இன்னும் முழுதாக வரவில்லை. தவணையை மட்டும் குழுவில் பேசி, கையில் இருந்ததைக் கட்டிவிட்டேன். மத்தியானத்தில் அரைமணி நேரம் பாய் விரித்துப் படுக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் இவரே எழுந்துபோய்ப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். அடுத்த பிரதோஷத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்குக் காலையிலேயே தறியை நிறுத்திவிடலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.