போ மொழியின் கடைசிக் குரல்

அந்தமான் பழங்குடி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தபோது, 'போ' மொழி அன்றோடு அழிந்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சு என்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டாமா? அவருடைய பெற்றோர் போன பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த மொழியில் பதில் சொல்ல யாருமே இல்லை. மனிதர்களோடு பேச அந்தமான் இந்தி கற்றுக்கொண்டார். பறவைகளிடம் மட்டும் தன் மொழியில் பேசுவார் என்று மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவுசெய்திருக்கிறார்.

1858-இல் போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்தார்கள். கூடவே அம்மை, மேகநோய் எல்லாம் வந்தன. போவாவின் மக்களும் சேர்ந்த 'பெரிய அந்தமானியர்' என்ற பழங்குடிகள் முன்பு ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; 1961 கணக்கெடுப்பில் வெறும் 19 பேர். அப்புறம் மிஞ்சியவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றைய தலைமுறை பேசுவது இந்திதான்.

ஆனால் அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்களின் பிள்ளைகள் இன்னும் ஜாரவா மொழியில்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய காட்டின் ஊடே போகும் அந்தமான் டிரங்க் ரோடு என்ற நெடுஞ்சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. சுற்றுலா வண்டிகள் அதன் பிறகும் பல வருடங்கள் அந்த வழியாகத்தான் போயின.