விசிறி சுற்றாத இண்டக்ஷன் அடுப்பு

எங்கள் இண்டக்ஷன் அடுப்பு சின்ன வேலைகளில் குறையே வைக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் கேட்டால் சூடாக்கிக் கொடுத்துவிடும். நீண்ட நேரம் கொதிக்க வேண்டிய சமையல் என்றால்தான் வம்பு. பாதியில் கத்தும், திரையில் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டும், அணைந்துவிடும். ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும்.

பழுது பார்ப்பவர் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார்: போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும். எனக்கு அது ஒப்பவில்லை. போன போர்டு ஆறியதும் எப்படித் திரும்பி வரும்? சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால், சூட்டை வெளியேற்ற வேண்டியது எதுவோ அதைத்தான் முதலில் பிடித்து விசாரிக்க வேண்டும். காதை அருகில் வைத்துக் கேட்டேன். விசிறியின் இரைச்சல் இல்லை. குறியீட்டின் எண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறது. கூட வந்த கையேட்டில் பார்த்தபோது, எங்கள் அடுப்பில் அது உள்வெப்பம் மிஞ்சியதற்கான எண்.

சுடுவது பாத்திரம்தானே, அடுப்புக்கு எதற்கு விசிறி என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் விநாடிக்கு 20,000 தடவைக்கும் மேலாகத் திசை மாறுவதால்தான் பாத்திரத்தின் அடிப்பகுதி சூடாகிறது. அந்த மின்னோட்டத்தை அவ்வளவு வேகமாகத் திறந்து மூடுவது ஐஜிபிடி என்ற சிறு கறுப்புச் சில்லு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் அதிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. சுருளும் தன் பங்குக்குச் சுடுகிறது. சில்லின் முதுகில் திருகியிருக்கும் அலுமினியத் துடுப்புகள் சூட்டை வாங்கிக்கொள்ளும், விசிறி அதை வெளியே தள்ளும். அருகில் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் ஒன்று காவல் இருக்கிறது. வெப்பம் எல்லை தாண்டினால் அது சொல்ல, அடுப்பு அணைகிறது. ஆக, எங்கள் அடுப்பு பழுதாகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

திறப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் மிச்சம் இருக்கக்கூடும். 230 வோல்ட் இணைப்பில் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் சேரும். நான் நெடுநேரம் காத்திருந்து, பிறகு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து, பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகே கை வைத்தேன். அதைவிட முக்கியமானது, இந்தப் போர்டுகள் பெரும்பாலும் மின்இணைப்பிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டவை அல்ல. விசிறிக்குப் போவது வெறும் 12 அல்லது 18 வோல்ட்தானே என்று இணைப்பில் இருக்கும்போது தொட்டால், தொடுவது வீட்டு மின்சாரத்தைத்தான். திறந்த அடுப்பை இணைப்பில் போட்டு அளப்பது என் வேலை இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அடுப்பை இணைக்காமலே விசிறியைச் சோதிக்க வழி இருக்கிறது.

அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி மேல்மூடியைக் கண்ணாடியோடு மெதுவாகத் தூக்கினேன். மூடிக்கும் போர்டுக்கும் இடையே ஒயர்கள் உண்டு, இழுக்கக் கூடாது. விசிறியின் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருந்தன. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல விசிறி தட்டியதும் தானே சில சுற்றுப் போகும். இது விரலை எடுத்த இடத்திலேயே நின்றது. அதைத் தனியாகக் கழற்றி, பழைய 12 வோல்ட் அடாப்டரில் சிவப்பு ஒயரை நேர்முனைக்கும் கறுப்பை எதிர்முனைக்கும் கொடுத்தேன். ஒரு நடுக்கம் மட்டும். தள்ளிவிட்டால் முனகிக்கொண்டு சுற்றியது. நோய் அச்சில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

விசிறி வெளியே நன்றாகச் சுற்றி, அடுப்பில் மட்டும் சுற்றாமல் இருந்தால் கதை வேறு. அப்போது அதை இயக்கும் டிரான்சிஸ்டரையோ, மின்சாரம் கொடுக்கும் பகுதியில் வலுவிழந்த கெபாசிட்டரையோ சந்தேகிக்கலாம். அது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. அங்கேயும் முழுப் போர்டையும் மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி.

பிசுக்கைத் துடைத்து, நடு ஸ்டிக்கரை உரித்து அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டேன். சமையல் எண்ணெய் விட்டால் சூட்டில் பிசின்போல இறுகிவிடும். விசிறி சுற்றியது, ஆனால் முனகல் போகவில்லை. தேய்ந்த அச்சுக்கு எண்ணெய் தற்காலிகம்தான். ஆகவே புதியதே வாங்கினேன். வாங்கும்போது அளவு, வோல்ட், ஆம்பியர், ஒயர் முனையின் வடிவம் நான்கும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பொருத்தும்போது காற்றுப் போகும் திசையும் மாறக் கூடாது. பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமாகத்தான் காற்று வெளியேறும். மூடுவதற்கு முன், சுருளின் நடுவே கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு தெர்மிஸ்டர் தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அது விலகினால் பாத்திரத்தின் சூடு அடுப்புக்குச் சரியாகத் தெரியாது.

இப்போது நீண்ட சமையலையும் முழுதாக முடிக்கிறது. அடுப்பைச் சுவரிலிருந்து தள்ளி, கீழே துணி விரிக்காமல் வைத்திருக்கிறேன். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். அணைத்த பிறகும் விசிறி சற்று நேரம் ஓடி மிச்சச் சூட்டை வெளியேற்றும். அதற்குள் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடும் பழக்கம்தான் எங்கள் வீட்டில் இன்னும் போகவில்லை. ஸ்விட்சுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். என்னைத் தவிர யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.