கோதுமை பர்பன்: முதல் வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

கோதுமை பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை ‘மென்மையானது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் கிளாஸில் எதைத் தேடுவது என்று பிடிபடும்.

பர்பன் என்று பெயர் வைக்க, அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். மீதிக்குப் பெரும்பாலான ஆலைகள் ரை என்ற காரமான தானியமும் முளைகட்டிய பார்லியும் சேர்க்கின்றன. ரைக்குப் பதில் கோதுமை போட்டால் அது கோதுமை பர்பன். மேக்கர்ஸ் மார்க் என்ற பிராண்டில் மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14 சதவீதம். லார்செனியில் 68, 20, 12. கோதுமைதான் இனிப்பைக் கொண்டுவருகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கோதுமையின் சுவை அடக்கமானது. ரையின் மிளகுக் காரம் விலகியதும் மக்காச்சோளத்தின் இனிப்பும் ஓக் தரும் வனிலா, கேரமல் வாசனையும் தடையின்றி மேலே வருகின்றன.

இதை நாக்கில் உணர ஒரு நல்ல ஜோடி உண்டு: வெல்லர் ஸ்பெஷல் ரிசர்வ், பஃபலோ டிரேஸ். இரண்டும் கென்டக்கியின் ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள ஒரே ஆலையில் வடிப்பவை, இரண்டிலும் ஆல்கஹால் 45 சதவீதம். முன்னது கோதுமை பர்பன், பின்னது ரை சேர்த்த பர்பன். ஆல்கஹால் அளவு வேறுபடும் இரண்டை ஒப்பிட்டால் எரிச்சலைத்தான் ஒப்பிடுவீர்கள், தானியம் தெரியாது.

வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸில் 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். கிளாஸில் சோப்பு வாசனை இருந்தால் எல்லாமே வீண். மூக்கை உள்ளே நுழைக்காமல், விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். ஆழ இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மரக்கச் செய்துவிடும், அப்புறம் சில நிமிடங்களுக்கு எதுவும் பிடிபடாது.

முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டும். அதில் காரமும் சூடும்தான் தெரியும். இரண்டாவது வாயைச் சில விநாடி நாக்கில் உருட்டி விழுங்குங்கள். கோதுமை பர்பனின் அழகு விழுங்கிய பிறகுதான்: ரை சேர்த்த பர்பனில் தொண்டையோரம் நிற்கும் காரத்துக்குப் பதிலாக இங்கே தேன், ரொட்டி போன்ற சுவை மெதுவாகக் கரைகிறது. கசப்பும் நாக்கு வறட்சியும் மிஞ்சினால், காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஓக்.

ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும். 53.5 சதவீதமுள்ள வெல்லர் ஆன்டீக் போன்றவற்றுக்குத் தண்ணீர் நல்லது. 30 மில்லியை 45 சதவீதத்துக்கு இறக்க 6 மில்லிக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு மில்லி, ஒரு மில்லியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். இந்த மென்மையான விஸ்கியில் நீர் கூடிவிட்டால் தாங்கிப் பிடிக்கக் காரமும் இல்லை, சப்பென்று ஆகிவிடும்.

பாட்டிலை வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.