உடைந்ததைச் சொல்லிவிடுங்கள்

ரூட் கெனால் செய்யும்போது ஃபைல் உடைந்தாலே அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். பல் வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும், நிக்கல்-டைட்டானியம் போன்ற உலோகத்தில் செய்த மிக மெல்லிய கருவி அது. வளைந்த வேருக்குள் சுற்றிச் சுற்றி நைந்து ஒடியும். இல்லையென்றால் நுனி சிக்கிக்கொண்டு முறுகி ஒடியும். கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கிறது. அதை நோயாளியிடம் மறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா கீழ்க் கடைவாய் வலி என்று என்னிடம் வந்தார். வேறொரு இடத்தில் ரூட் கெனால் முடித்து கேப்பும் போட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயில் வேருக்குள் பளிச்சென்று ஃபைல் துண்டு. வேர் நுனியைச் சுற்றி எலும்பில் கறுப்பு நிழல்; தொற்று ஆறவில்லை. யாரும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை, சீட்டிலும் எழுதவில்லை. “கேப் போட்டாச்சு, இனி பிரச்சினை இல்லைன்னாங்க டாக்டரம்மா.” மாத்திரை வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

துண்டு உள்ளே இருப்பதாலேயே பல் கெட்டுவிடாது. வேரைப் பெரும்பாலும் சுத்தம் செய்தபிறகு உடைந்தால், அப்படியே விட்டு அடைத்துக் கண்காணிக்கலாம். முன்பே உடைந்து, துண்டுக்கு அப்பால் கிருமி தங்கினால்தான் சிக்கல். சொல்லியிருந்தால் சில மாதங்களில் மறுபடி எக்ஸ்ரே எடுத்திருப்பார். மைக்ரோஸ்கோப் வைத்துத் துண்டை எடுப்பவரிடம் போவதா, பல்லையே எடுத்துவிடுவதா என்று அவரே முடிவு செய்திருப்பார். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்வந்தால் ஒருநாள் கூலி போகுமே, பாவம் எதற்குச் சொல்லிக்கொண்டு என்று சிலர் நியாயம் பேசுவார்கள். கூலியும் அவருடையது, பல்லும் அவருடையது.

நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரங்களைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே பல நேரம் ஆங்கிலத் தாளில் ஒரு கைநாட்டோடு சரி. சிகிச்சையில் நேரும் விபத்தெல்லாம் அலட்சியம் ஆகாது என்று 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு மருத்துவர்களுக்குப் பாதுகாப்பும் தந்திருக்கிறது. அப்புறம் எதற்கு ஒளிக்க வேண்டும்? சின்ன ஊர், பேர் கெட்டுவிடும் என்ற பயம்தான்.

“அவர் தப்பா செஞ்சாரா?” என்று அக்கா கேட்டார். “உடைந்தது தப்பு என்று சொல்ல முடியாது அக்கா. ஆனால் உங்களிடம் சொல்லியிருக்கணும்” என்றேன். எக்ஸ்ரே நகலும், பார்த்ததைத் தமிழில் எழுதிய சீட்டும் கொடுத்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டு வரம்பு உண்டு என்பதையும் சொன்னேன். புகார் வேண்டாம், பல்லை எடுத்துவிடுங்கள் என்றார். எடுப்பதற்கு முன், வேர் ஒடிந்தால் என்ன செய்வேன், உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டா என்று உட்கார்ந்து விளக்கினேன். மறுநாள் கொழுந்துக்குப் போகலாமா என்பதுவரை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார்.