ஆறாவது ஆள்

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஆக்ஸ்ஃபர்டுக்கு மேற்கே ஒரு சின்ன கிராமத்தில் பப் வாசலில் கூடியிருந்தோம். மணி ஏழரை ஆகப் போகிறது, வெயில் நம்மூர் நாலு மணி வெயில் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. ஆடுகிறவர்கள் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஒருவருக்கு முட்டிவலி. ஒருவர் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தார். இன்னொருவர் வர வேண்டிய ரயில் ஓடவில்லை. மோரிஸ் என்கிற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும், மூன்று மூன்று பேராக எதிரெதிரே இரண்டு வரிசை. நான்கு பேர் ஆடுவதும் உண்டு, ஒற்றையாக ஆடும் ஜிக்கும் உண்டு. ஆனால் ஒரு சாயங்காலம் முழுக்க அதை வைத்தே ஒப்பேற்ற முடியாது.

நான் அன்றைக்குத் தொப்பி ஏந்தப் போனவள். ஆட்டம் முடிந்ததும் தொப்பியை நீட்டிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வர ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அதற்கு. குளிர்காலம் முழுக்கப் பயிற்சிக்குப் போயிருந்தாலும், வெளியே ஆட இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஆட்டம் சொல்லித்தருபவரை இங்கே ஃபோர்மேன் என்பார்கள். எங்கள் ஃபோர்மேன் எழுபதைத் தொடும் ஓர் அம்மா. அவர் விரலால் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார். “பீன் செட்டிங் ஆட்டம் உனக்கு வரும்தானே?” என்றார். வரும் என்றேன். சரி என்று காருக்குப் போனவர் ஒரு ஜோடி சலங்கைப் பட்டையோடு திரும்பி, என் முன்னால் மண்டியிட்டு அவரே கட்ட ஆரம்பித்துவிட்டார். என் அம்மாவைவிட மூத்தவர் என் காலைத் தொடுவதா என்று காலைப் பின்னால் இழுத்தேன். அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நில் என்று சொல்லி, முட்டிக்குக் கீழே இரண்டு முடிச்சு இறுக்கினார்.

இந்த ஊரில் யாரும் என்னை எண்ணிப் பார்த்ததில்லை அதுவரை. அதனால்தான் அந்த விரலைச் சொல்கிறேன்.

2021 நவம்பரில், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தேன். ஆக்ஸ்ஃபர்டின் ஹெடிங்டன் பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறை. நான்கு மணிக்கே இருட்டிவிடும். டூட்டி முடிந்து வந்து குக்கரில் அரிசி வைத்து, ஊருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுப் படுத்தால் மறுநாள் மறுபடி டூட்டி. வார்டில் எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் வார்டுக்கு வெளியே என்னைத் தெரிந்தவர் என்று சொல்ல பஸ் டிரைவர்கூட இல்லை.

அடுத்த வருஷம் மே முதல் தேதி, கீழ் அறைப் பெண் விடியற்காலை நாலே முக்காலுக்குக் கதவைத் தட்டினாள். ஏதோ பார்க்கப் போகலாம் என்றாள். ஹெடிங்டன் மேட்டை விட்டு இறங்கினால் சாலை நெடுக ஆட்கள், எங்கள் ஊரில் தேருக்குப் போகிற கூட்டம் மாதிரி ஒரே திசையில். கோவிடால் 2020-லும் 2021-லும் யாரும் கூடவில்லையாம். அந்த இரண்டு வருஷத்து ஆசையும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தது. மாட்லின் கல்லூரிக் கோபுரத்துக்குக் கீழே, பாலம் நிறைய நின்றோம். சரியாக ஆறு மணிக்குக் கோபுர உச்சியிலிருந்து பாடகர் குழு லத்தீன் மொழியில் ஒரு துதியைப் பாடியது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அப்புறம் கோபுர மணிகள் முழங்கின.

கூட்டம் ஊருக்குள் நகர, நாங்களும் போனோம். ராட்கிளிஃப் சதுக்கத்தில் திரும்பும்போது எனக்குச் சலங்கைச் சத்தம் கேட்டது. ஆறு மாதமாகக் கேட்காத சத்தம். யாரோ நம்மவர்கள் பரதம் ஆடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தால், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மார்பில் குறுக்காகப் பட்டை, தொப்பியில் பூ. முட்டிக்குக் கீழே சலங்கை கட்டிய ஆங்கிலேயர்கள் இரண்டு கையிலும் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு எகிறிக் குதித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே ஒருவரிடம், இதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்டோபரில் வா என்றார்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பயிற்சி, மே முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராக ஆட்டம். இதுதான் இவர்களுடைய வருஷம். மோரிஸில் வடிவங்கள் பல. நாங்கள் ஆடுவது காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியின் வகை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனி அடவு. ஹெடிங்டன், பாம்ப்டன், ஆடர்பரி என்று இன்றைக்கும் ஊர்ப் பெயரால்தான் பாணியைச் சொல்கிறார்கள். பாணிக்குப் பாணி கை வீச்சு வேறு, குதிப்பு வேறு. பரதம் கற்ற என் சித்தி மகளுக்கு வீடியோ அனுப்பினேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. நம் சலங்கை கால் தரையில் விழும்போது பேசும், இவர்கள் சலங்கை கால் தரையை விட்டு எழும்போது பேசும். பட்டையைக் கணுக்காலில் கட்டாமல் கெண்டைக்கால் மேல் கட்டுவதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

என் சலங்கையை நானே தைத்தேன். தோல் துண்டைக் கீறி, நீள வார்களாகப் பிரித்து, வாருக்கு நான்கு மணியாக ஐந்து வார். ஊசி தோலில் இறங்காது. குத்தூசியால் முதலில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு சுற்று இழுத்து முடிய வேண்டும். முதல் பட்டைக்கு நான்கு ராத்திரி ஆயிற்று. ஒரு மணி இளகினாலும் ஆட்டத்தில் அது தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

நான் வேலை பார்க்கிற ஹெடிங்டனில்தான் இந்தக் கலையின் மறுவாழ்வே தொடங்கியது என்று தெரிந்தபோது சிலிர்த்துவிட்டது. 1899 டிசம்பர் 26. குளிரால் வேலை நின்றுபோன, ஹெடிங்டன் குவாரி என்கிற ஊர்த் தொழிலாளிகள், கையில் காசு வேண்டுமே என்று, பருவம் தப்பி ஆட வந்தார்கள். அவர்கள் ஆடியது சாண்ட்ஃபீல்ட் காட்டேஜ் என்கிற வீட்டு வாசலில். உள்ளே விருந்தாளியாக இருந்த இசை ஆசிரியர் செசில் ஷார்ப் அதைக் கேட்டு, கான்செர்டினா என்கிற சின்னத் துருத்தி வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பரை மறுநாளே வரவழைத்துப் பாட்டுகளுக்கு ஸ்வரம் எழுதிக்கொண்டார். கிம்பர் ஒரு கொத்தனார். ஷார்ப் பெயரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மேரி நீல் பெயரைச் சொல்ல வேண்டும். 1905-இல் அவர்தான் கிம்பரை லண்டனுக்கு அழைத்து, தையல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க வைத்தார். அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கற்றுத் தந்தார்கள். இருந்தும், 1934-இல் அமைந்த மோரிஸ் ரிங் என்கிற கூட்டமைப்பு ஆண்கள் குழுக்களுக்கு மட்டும் என்று இருந்தது. பெண்கள் 1975-இல் தங்களுக்கென்று மோரிஸ் ஃபெடரேஷன் தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் ஃபோர்மேன் அந்தக் காலத்தில் ஆட ஆரம்பித்தவர். பெண்கள் மோரிஸ் ஆடக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டவர். அவர் கட்டிவிட்ட முடிச்சு என் காலில் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

சரி, அந்த ஜூன் சாயங்காலத்துக்கு வருகிறேன். பீன் செட்டிங் என்பது ஹெடிங்டன் பாணிக் கம்பாட்டம். பெயரே அவரை விதை ஊன்றுவது. ஆட்டக்காரர்கள் குனிந்து, கம்பின் அடியால் தரையில் குழி போடுவது போல இரண்டு தட்டுத் தட்டி, நிமிர்ந்து எதிராளியின் கம்பில் ஓங்கி அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கோலாட்டம் ஆடியவள் நான். அந்தக் கம்புகள் விரல் பருமன். இவை முழங்கை நீளத்துக்கும் மேலான முழுக் கட்டை, கை நழுவினால் விரல் கணு வீங்கும். குனிந்து தரையைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நடவுதான் நினைவுக்கு வரும். என் பாட்டி குனிந்த முதுகோடு வயலில் பின்னால் நகர்ந்தது எப்படியோ, அந்தத் தாளம் இதிலும் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தொடக்கம். மெலோடியன் என்கிற துருத்தி வாத்தியம் வாசிக்கும் மெலோடியன்காரர் பாட்டின் முதல் பகுதியை ஒரு தரம் முழுசாக வாசிப்பார். அப்போது யாரும் அசையக்கூடாது. ஒன்ஸ் டு யுவர்செல்ஃப் என்று அதற்குப் பெயர், உனக்கே உனக்காக ஒரு தரம். ஆறு பேரும் கம்பைப் பிடித்து அப்படியே நின்று, பாட்டை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சில நொடிகளில், எதிரே நின்ற தபால்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். அப்புறம் கால் தானாகப் போயிற்று. இரண்டாம் சுற்றில் திசை மாறித் திரும்பினேன், தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்கள். ஆட்டம் நிற்கவில்லை.

அந்தக் கோடையில் பதினான்கு ஊர் போனேன். வந்து ஒன்றரை வருஷமாக இந்த நாடு எனக்குப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் தெரிந்தது. ஆடப் போனபிறகு ஊர்கள் காலுக்குத் தெரிய ஆரம்பித்தன. எந்தப் பப் வாசலில் சரளைக்கல், எங்கே சாய்வு, எங்கே புல் வழுக்கும் என்றெல்லாம். நான் குடிப்பதில்லை. முதல் வாரமே அதைக் கவனித்து, எனக்கென்று எலுமிச்சை சோடா வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மழை தூறினால் கைக்குட்டை கனத்துவிடும், அன்றைக்குக் கம்பாட்டம் மட்டும். நல்ல மழை என்றால் பப்புக்குள் போய்ப் பாட்டு. மெலோடியன்காரருக்கு எழுபத்து நான்கு வயது. அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு தாத்தா சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லா நாளும் இனிப்பாகவே போகவில்லை. ஷ்ராப்ஷயர் பக்கம் பஸ் எடுத்துப் போன ஒரு நாளில், பப் சுவரில் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். கந்தல் அங்கி போட்டவர்கள், முகம் முழுக்கக் கரி. பார்டர் மோரிஸ் என்கிற வகையில் அப்படிப் பூசுவது வழக்கமாம். அடையாளம் தெரியாமலிருக்கப் பூசியது என்று ஒரு சாரார் சொல்வார்கள், கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைக் கூத்துகளின் தாக்கம் என்று இன்னொரு சாரார். 2020-இல் மோரிஸ் அமைப்புகள் மூன்று சேர்ந்து, முழுக் கறுப்புப் பூச்சு வேண்டாம் என்று அறிவித்தன. இப்போது நீலம், பச்சை பூசுகிறார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும், கறுத்த தோலோடு அந்தப் படத்தின் முன்னால் நிற்பது வேறு விஷயம். எனக்கு வலித்தது. எங்கள் குழுவில் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இது போக வேண்டியது, தாமதமாகப் போயிற்று என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

2024-இல் அம்மா ஆறு மாத விசாவில் வந்தாள். மே கடைசித் திங்கட்கிழமை, எங்கள் குழுவே பாம்ப்டனுக்குக் கிளம்பியது, ஆட இல்லை, பார்க்க. அன்றைக்குப் பாம்ப்டன்காரர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தங்கள் ஊருக்குள்ளேயே ஆடுவார்கள். வீட்டுத் தோட்டங்களைத் திறந்துவிடுவார்கள், குழு ஒவ்வொரு தோட்டமாகப் போகும், வீட்டுக்காரர்கள் குடிக்கவும் தின்னவும் தருவார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டில் சொல்லிவிட்டாள், “இது மண்டகப்படிடீ. நம்ம ஊர்ல சாமி நின்னு நின்னு போகுமே, அதேதான்.”

குழுவோடு ஒருவர் பூச்சுற்றிய வாளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாளில் ஒரு டப்பா, அதற்குள் கேக். துண்டு வாங்கித் தின்றால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. அம்மாவுக்கும் ஒரு விள்ளல் கிடைத்தது. வலது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். வாள்காரர் அதைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை வணங்கினார்.

அடுத்த புதன்கிழமை நான் ஆடுவதைப் பார்க்க வந்தாள். பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பகுதி வாசிக்கும்போது நாங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, “என்ன, மறந்துட்டீங்களா?” என்று தமிழில் சத்தமாகக் கேட்டாள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் அர்த்தம் கேட்டார். பாட்டு அதற்குள் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து என் சலங்கையைக் கையில் எடுத்துப் பார்த்தவள், இரண்டாவது வாரில் ஒரு மணி இளகியிருக்கிறது, அது தனியாகக் கேட்டது என்றாள். அன்றைக்கு ராத்திரியே நூல் கேட்டு வாங்கித் தைத்தும் கொடுத்தாள். அந்த ஒரு மணி மட்டும் இன்னும் சிவப்பு நூலில் இருக்கிறது.

இந்த மே முதல் தேதிக்கு முந்தின நாள் எனக்கு நைட் டூட்டி போட்டுவிட்டார்கள். வார்டில் இருக்கும் கோட்டயத்துப் பெண்ணிடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். மாற்றிக்கொண்டாள், அடுத்த வருஷம் தன்னையும் கூட்டிப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐந்தரைக்குப் பாலத்தில் இருக்க வேண்டும். கைக்குட்டை நான்கையும் நீலம் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு நாற்காலி மேல் வைத்திருக்கிறேன்.