கம்ப்யூட்டருக்கு என் குரலை பழக்கின கதை

மணிக்கட்டு வலி தாங்க முடியாம போனப்புறம்தான் நாம பேசப் பேச கம்ப்யூட்டரே டைப் அடிக்கற இந்த டிக்டேஷன் பக்கமே வந்தேன். கொஞ்ச நாள் டைப் அடிக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா பொழப்பே டைப் அடிக்கறதுதான், என்னத்த பண்ண. பழைய லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர் கிடந்துச்சு, நம்ம குரலை பழக்கினாதான் ஒழுங்கா வேலை செய்யும்ங்கற ரகம், அதை ஓப்பன் பண்ணி ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல ஒரு பாரா வரும், நாம சத்தமா படிக்கணும், படிக்க படிக்க வார்த்தைங்க கலர் மாறிக்கிட்டே போகும், எங்கயாவது புரியலன்னா அங்கயே நின்னுக்கிட்டு திரும்ப படிங்கும். ஸ்கூல்ல எழுந்து நின்னு பாடம் வாசிக்கற மாதிரியே இருந்துச்சா, நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நியூஸ் வாசிக்கறவங்க கணக்கா ஒவ்வொரு வார்த்தையா அழுத்தி திருத்தமா படிச்சு முடிச்சேன். கோட்டை விட்டது அங்கதான்.

மறுநாள் நிஜ மெயில் சொன்னா பாதி குப்பை. மேனேஜருக்கு "ஐ வில் சென்ட் இட்"னு சொன்னது "ஈவில் சென்ட் இட்"னு விழுந்திருக்கு, அனுப்பினப்புறம்தான் பாத்தேன். நான் பெருமூச்சு விட்டா அதுக்கும் ஒரு "தி" போட்டு வச்சுது.

யோசிச்சு பாத்தா அது மேல தப்பே இல்ல. இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல பலபேர் குரலை வச்சு செஞ்ச ஒரு பொதுவான மாடல் ஏற்கனவே இருக்கும், நாம படிக்கறதை வச்சு அதை நம்ம பக்கமா கொஞ்சம் சாய்ச்சுக்கும், அவ்ளோதான் பயிற்சி. நான் என்ன பண்ணேன், ஊர்ல இல்லாத ஒரு நியூஸ் ரீடர் பக்கமா சாய்ச்சுட்டு, அப்புறம் சேர்ல சரிஞ்சு உக்காந்து வாய்க்குள்ளயே பேசினேன்.

1952ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சி கூடத்துல செஞ்ச ஆட்ரிங்கற மெஷினுக்கும் இதே கதைதான், பூஜ்யத்துல இருந்து ஒம்போது வரைக்கும் நம்பர் மட்டும் புரியும், அதுவும் பழக்கின ஆளு சொன்னாதான் நல்லா புரியும். 1990ல வந்த டிராகன் டிக்டேட்ங்கற டிக்டேஷன் சாஃப்ட்வேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்தி அடுத்ததை சொல்லணும். 1997ல அதே டிராகனோட நேச்சுரலி ஸ்பீக்கிங் வந்துதான் விடாம பேசற வசதி வந்துச்சு. நான் என்னடான்னா விடாம பேசற வசதியை கையில வச்சுக்கிட்டு நிறுத்தி நிறுத்தி படிச்சிருக்கேன்!

சரின்னு என் குரலை பழகி வச்சிருந்த பழைய ப்ரொஃபைலை அழிச்சுட்டு, வழக்கமா உக்கார்ற மாதிரியே உக்காந்து, அரைத்தூக்க குரல்லயே படிச்சேன். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம ஓரமா தள்ளினதும் அந்த மூச்சு "தி" காணாம போச்சு. இன்னொன்னு, தப்பு வந்தா நான் டபக்குனு பேக்ஸ்பேஸ் அடிச்சு மாத்திடுவேன், அதுல அதுக்கு ஒண்ணுமே புரியாது, திருத்தறதுக்குன்னு இருக்கற விண்டோவுல திருத்தினாதான் கத்துக்கும். கடுப்பான வேலைதான், ஆனா பத்து நாள் பல்லை கடிச்சுக்கிட்டு செஞ்சேன். ஒத்தை வார்த்தையா சொல்றதை விட முழு வாக்கியமா சொன்னா நல்லா வருது, பக்கத்து வார்த்தையை பாத்துதான் அது பாதி ஊகிக்குது.

தமிழுக்கு ஃபோன்ல வாய்ஸ் டைப்பிங்தான், பயிற்சின்னு எதுவும் கேக்கறதில்ல. இப்பல்லாம் எடுத்த உடனேயே யார் குரலா இருந்தாலும் புரிஞ்சுக்குது, 2022ல வந்த, பேச்சை எழுத்தா மாத்தற விஸ்பர்ங்கற மாடலுக்கு 6,80,000 மணி நேர ஆடியோ போட்டிருக்காங்க. ஆனாலும் என் நாக்குல ழ சரியா வராது, "பழம்"னு மட்டும் சொன்னா "பலம்"ங்குது, "பழம் நறுக்கி வை"ன்னா சரியா போடுது. இந்த மாதிரி மாடலுக்காக எல்லார் குரலையும் சேர்க்கற மோசில்லாவோட காமன் வாய்ஸ்ல தமிழ் இருக்கு, நம்ம குரலை குடுக்கலாம், நானும் கொஞ்சம் குடுத்தேன். அங்கயும் ஸ்க்ரீன்ல வர்ற வாக்கியத்தை படிக்கணும், முதல் வாக்கியத்துலயே அந்த நியூஸ் ரீடர் எட்டி பாத்துட்டான், நிறுத்திட்டு தண்ணி குடிச்சுட்டு திரும்ப பதிஞ்சேன்.

இப்ப மெயிலெல்லாம் தகராறு இல்லாம போகுது. மேனேஜருக்கு சொல்லும்போது மட்டும் குரல் தானா விறைச்சுக்குது, போன வாரம் கூட "ஈவில்" வந்துச்சு, நல்லவேளை இந்த தடவை அனுப்பறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.