தமிழையா படித்துக் காட்டிய கிருஷ்ணபிள்ளை

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்த ஐயா நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு வருவார். நம்முடையது மிஷன் பள்ளிக்கூடம். காலை ஜெபத்தில் பாமாலை பாடும்போது வாத்தியார்களின் வரிசையில் அவரும் கைகட்டி நிற்பார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை எனக்குக் காட்டித் தந்தவர் அந்த ஐயாதான். என் தாத்தா உபதேசியார். வீட்டில் காலையும் மாலையும் வேதவாசிப்பு, கீர்த்தனை. ஆனாலும் நம் மண்ணிலேயே பிறந்து, நம் சபைக்காகவே எழுதி மறைந்த அப்படி ஒரு புலவரைப் பற்றி வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு வைஷ்ணவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அது 1974. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். விடுதிப் பையன்களுக்கெல்லாம் ஊருக்குப் போகிற பஸ் ஞாபகம். ஐயா அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அதைத் திறக்காமலே அயோத்தியா காண்டத்திலிருந்து இரண்டு பாட்டுச் சொன்னார். அவர் குரல் இந்த மலரைப் படிக்கிற நம் பழைய மாணவர்களில் பலருக்கு நினைவிருக்கும். மைக் இல்லாமலே மைதானம் வரைக்கும் கேட்கும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, அதே இழுப்பில், நிறுத்தாமல் இன்னும் இரண்டு பாட்டுப் படித்தார். "இது யாரு பாட்டு, சொல்லுங்கய்யா" என்றார். கம்பர் என்று வகுப்பே கத்தியது.

"மொதல் ரெண்டும் கம்பர். பின்ன படிச்சது நம்ம ஊர்க்காரர், கரையிருப்புக்காரர்."

அடிபட்டுத் தவிக்கிற நேரத்திலும், இவர்கள் அறியாமல் செய்கிறார்கள், மன்னியும் என்று இயேசு வேண்டுகிற பாட்டு அது. பெரிய வெள்ளிக்கிழமையில் ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தையாகச் சபைப் போதகர்களான ஐயர்மார் பிரசங்கம் பண்ணி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாட்டாகக் கேட்டது அன்றுதான். அதில் இயேசுவை 'அருள்வள்ளல்' என்கிறார் புலவர். அந்தச் சொல்லை நான் அதுவரை எந்த ஜெபத்திலும் கேட்டதில்லை. பஸ் ஏறி ஊர் போய்ச் சேரும் வரைக்கும் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு ஐயா அவருடைய கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். கிருஷ்ணபிள்ளை 1827-ல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஊறியவர். பிள்ளையும் அதைக் கேட்டே வளர்ந்தார். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போகும்போது அவருக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தின் மேல் பிரியமே கிடையாது. தமிழ் சொல்லிக் கொடுக்கத்தான் போனார். ஜி. யு. போப் உருவாக்கிய பள்ளி அது. போப் அதற்குச் சில வருஷங்கள் முன்பே அங்கிருந்து போய்விட்டார். ஐந்து வருஷம் கழித்து, 1858-ல், சென்னை மயிலாப்பூரில் கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார்.

இந்த இடத்தில் ஐயா நிறுத்துவார். நெற்றியில் திருமண்ணோடு இருக்கிற ஒருவர், அதை அழித்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் சொன்னது இதுதான்: "மார்க்கத்த மாத்திக்கிட்டார். கம்பன விட்டுட்டுப் போகலய்யா. தோள்ல தூக்கிக்கிட்டுல்லா போனார்."

அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை எங்களில் நாலு பேரைச் சைக்கிளில் கரையிருப்புக்குக் கூட்டிப்போனார். வண்ணார்பேட்டை வழியாக இறங்கி, சுலோசன முதலியார் பாலத்தில் நின்று தண்ணீர் பார்த்தோம். பாலம் கட்டியது 1843-ல், அப்போது கிருஷ்ணபிள்ளைக்குப் பதினாறு வயது என்றார் ஐயா. தச்சநல்லூர் தாண்டி ஊருக்குள் போய் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். ஐயா புத்தகத்தை எடுத்து ஒரு மணி நேரம் படித்தார். வயலுக்குப் போகிற இரண்டு மூன்று பேர் வரப்பில் நின்று கேட்டார்கள். ராமாயணமா என்று ஒரு பெரியவர் கேட்டார். "அந்த வழியில வந்ததுதான் அண்ணாச்சி" என்றார் ஐயா.

சரி, அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். இரட்சணிய யாத்திரிகம். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதி 1678-ல் வெளிவந்த மோட்சப் பயணக் கதைதான் மூலம். பனியன் உரைநடையில் எழுதியதைக் கிருஷ்ணபிள்ளை 3,766 பாட்டாகப் பாடினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று ஐந்து பருவங்கள். ஆரணிய பருவம் என்ற பேரைப் பார்த்தாலே கம்பரின் ஆரணிய காண்டம் மனதுக்கு வரும். நடுநடுவே தேவாரம் என்ற பேரிலேயே துதிப் பாடல்களும் உண்டு. மொழிபெயர்ப்பு என்று யாராவது சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வரும். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிற பகுதி பனியனிடம் கிடையாது. பிள்ளை தாமாகச் சேர்த்தது. எங்களை உலுக்கிய அந்தச் சிலுவைப் பாட்டு அந்தப் பகுதியில்தான் வருகிறது.

ஐயா இதையெல்லாம்விட ஆசையாகச் சொன்னது வேறொன்று. இந்தக் காப்பியம் முதலில் புத்தகமாக வரவில்லை. நற்போதகம் என்ற மாத இதழில் பதின்மூன்று வருஷம் தொடராக வந்தது. அப்புறம்தான் 1894 மே மாதம் புத்தகமானது. ஐயா கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். பதின்மூன்று வருஷம் என்றால் 156 மாதம். 3,766-ஐ 156-ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சராசரியாக இருபத்துநாலு பாட்டு. "மனசு சரியில்லன்னு ஒரு மாசம் நிப்பாட்ட முடியுமாய்யா? பத்திரிகை காத்துக்கிட்டு இருக்கும்லா."

அது எனக்குப் புரிந்தது பள்ளி ஆண்டு மலர் வேலையில்தான். ஐயா மலரின் பொறுப்பாசிரியர். மெய்ப்புப் பார்க்க என்னையும் இன்னொரு பையனையும் அச்சகத்துக்குக் கூட்டிப்போவார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருப்பார்கள். மை காயாத புரூஃபை மேஜையில் விரித்து, ஒருவன் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒருவன் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க வேண்டும். ஒற்று விட்டுப்போனால் ஐயா பென்சிலால் மேஜையைத் தட்டுவார். கிருஷ்ணபிள்ளை இதே வேலை பார்த்தவர் என்று அங்கே வைத்துத்தான் சொன்னார். சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி என்ற பத்திரிகையில் அவர் துணையாசிரியர். மாநிலக் கல்லூரியில் தமிழும் கற்பித்தார். பிற்காலத்தில் வேதப்பொருள் அம்மானை, பரத கண்ட புராதனம் ஆகிய நூல்களைப் பதிப்பித்தார். மாணவர்களுக்காகப் பழைய இலக்கியங்களிலிருந்து எடுத்துக் காவிய தர்ம சங்கிரகம் என்று ஒரு தொகுப்பும் செய்தார். அடுத்தவர் எழுத்தைத் திருத்திப் பழகிய கைதான் தன் பாட்டையும் மாசா மாசம் பிழையில்லாமல் கொடுத்திருக்கும் என்பது ஐயாவின் எண்ணம். அது சரிதான் என்று எனக்கும் படுகிறது.

பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் அவர் தமிழ் கற்பித்த வருஷங்களைப் பற்றி ஐயா அதிகம் சொல்லவில்லை. கடைசிக் காலத்தைச் சொல்லுவார். காப்பியம் புத்தகமானபோது பிள்ளைக்கு அறுபத்தேழு வயது. அதோடு ஓயவில்லை. 1898-ல் இரட்சணிய சமய நிர்ணயம், 1899-ல் இரட்சணிய மனோகரம். 1900-ல் காலமானார்.

காப்பியத்தையும் மனோகரத்தையும் இந்த ஐம்பது வருஷத்தில் பல தடவை படித்துவிட்டேன். என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். காப்பியத்தில் வடசொல் அதிகம். பேரிலேயே அது தெரிகிறது. இன்றைக்கு ஒரு பையன் கையில் கொடுத்தால் பத்துப் பாட்டில் மூடி வைத்துவிடுவான். பக்கத்தில் ஒரு ஐயா வேண்டும். மனோகரம் அப்படியில்லை. அதில் ஒரு கிழவர் தன் ஆண்டவரோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ஆழ்வார் பாசுரத்தின் உருக்கம் அதில் இருக்கிறது. என் மனைவி தவறியபோது நான் படித்தது மனோகரம்தான். எங்கள் லண்டன் சபையில் நம் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து அசனம் என்கிற சபை விருந்து வைக்கிற நாளில் அதிலிருந்து ஒரு பாட்டாவது படிக்கச் சொல்லுகிறேன். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. வாசிக்கட்டும்.

ஐயாவைக் கடைசியாகப் பார்த்தது 2003-ல். மகள் வீட்டில் இருந்தார். கண் முக்கால்வாசி போய்விட்டது. திருமண் மட்டும் பிசகாமல் இட்டிருந்தார், மகள் இட்டுவிடுகிறாளாம். நான் பேரைச் சொல்லுமுன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கொண்டுபோயிருந்த புத்தகத்திலிருந்து அந்தச் சிலுவைப் பாட்டைப் படித்தேன். இரண்டாம் அடியில் நிறுத்தினார்.

"எய்யா, சீர் பிரிக்காம ஓடுத. மெதுவாப் படி."

மறுபடியும் படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, வருஷா வருஷம் மலர் போடுகிறோம், நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில்தானே எழுத்துக் கோக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். கையால் தடவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எதுல கோத்தா என்ன, புரூஃப ரெண்டு பேரு பாருங்க. ஒருத்தன் சத்தமா வாசிக்கணும். ஒத்து விழுந்திரக் கூடாது."